பேரவையில் மூன்று நிமிடம்

மைக் கையில் கிடைத்தால் முதலில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லித் தீர்த்தால்தான் எனக்கு அடுத்த வார்த்தை வரும். இது என் ஒருவனுடைய வியாதி இல்லை. எங்கள் பக்கத்துச் சபைகளில் ஆயராக இருக்கிற எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. எனக்குச் சற்று முற்றிவிட்டது. அதற்குக் காரணமும் இருக்கிறது. விருத்தாசலத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம், அறுப்பின் பண்டிகையில் பாடகர் குழுத் தலைவரை வாழ்த்த மறந்துவிட்டேன். அடுத்த ஞாயிறே அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸ் வரைக்கும் கட்டிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு நான் ஒருவரையும் விடுவதில்லை. பந்தல் போட்டவர், ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் உட்பட எல்லோருக்கும் தனித்தனியாக ஸ்தோத்திரம் சொல்லிவிடுவேன்.

"நீங்க ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள குக்கரு ஆறு விசிலு வுட்டுடுதுங்க" என்பாள் என் மனைவி. வீட்டில் சிரித்துக்கொள்கிற விஷயமாகத்தான் அது இருந்தது, நாடு முழுவதும் உள்ள எங்கள் சபைகள் கூடுகிற தேசியப் பேரவைக்கு நான் போகிறவரை.

என் பொறுப்பில் டவுனில் ஒரு ஆலயமும் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஐந்து சிற்றாலயங்களும் இருக்கின்றன. ஆயர் நான் ஒருவன். ஒரு பைக். திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் அதிகாரம் எங்கள் சபை முறைப்படி எனக்கு மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு கிராமமும் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறை தவறினால் இரண்டு மாதம்கூட ஆகிவிடும். மற்றதையெல்லாம் அந்தந்தச் சிற்றாலயத்து ஊழியர் பார்த்துக்கொள்வார்.

கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கிராமத்தில் அந்த ஊழியர் ஒரு பெண். ஊரில் அவரை உபதேசியம்மா என்று கூப்பிடுவார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை. ஊழியத்தில் வருவது அரிசிக்குக்கூடப் போதாது என்பதால் காலையில் பஸ் பிடித்து விருத்தாசலத்துக்கு வந்து ஒரு பீங்கான் யூனிட்டில் வேலை பார்க்கிறார். அச்சிலிருந்து எடுத்த அகல் விளக்கு, பொம்மை, ஜாடி இவற்றின் பிசிறை ஈரப் பஞ்சால் தேய்த்து நேராக்குகிற வேலை. மத்தியானம் திரும்பிப் போய் ஊழியம். ஜெபம் செய்வார், பிரசங்கம் செய்வார், பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பார். என்னைவிட நன்றாகவும் சுருக்கமாகவும் பிரசங்கம் செய்வார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அப்பத் தட்டை அவர் தொட்டு ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த ஊரில் ஒரு வயதான அம்மா சாகக் கிடந்தார். ஒருநாள் மத்தியானம் திடீரென்று தெளிவு வந்து, திருவிருந்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உபதேசியம்மா எனக்குப் போன் போட்டார். நான் அப்போது வேப்பூரில் ஒரு அடக்க ஆராதனையில் இருந்தேன். முடித்துவிட்டுக் கிளம்பினால் ஹைவேயில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றிருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

உபதேசியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். சிற்றாலயத்து அலமாரியில் இருக்கும் திருவிருந்துப் பெட்டி அவர் மடியில் இருந்தது. நான் வந்ததும் தாமதிக்கக் கூடாதென்று முன்னாலேயே எடுத்து வந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"அவங்க கேட்டாங்கய்யா. மூணு தடவ கேட்டாங்க. பொட்டி என் மடியிலதான் இருந்துச்சு. நான் குடுக்கல" என்றார்.

என்னைக் குறை சொல்லவில்லை, அழவுமில்லை. சபைச் சட்டம் சொன்னதைச் செய்திருந்தார். அப்படிச் செய்ததுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு என் மேலும் சட்டத்தின் மேலும் ஹைவேயின் மேலும் கோபம் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, ஜெபம் செய்துவிட்டுத் திரும்பினேன்.

சில மாதம் கழித்து, இறந்துபோன அந்த அம்மாவின் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பெரியவர் படுத்த படுக்கை. உபதேசியம்மா பார்க்கப் போனபோது அவர் கேட்டாராம்: "அவளுக்குத்தான் கெடைக்கல. எனக்கும் அப்படித்தானா?" உபதேசியம்மா என்னிடம் வந்து அப்படியே சொன்னார். என் முறை வரும்போது நான் அவருக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்; அவர் கேட்டது கடைசி நேரத்தைப் பற்றி.

சபைக் கமிட்டியில் எடுத்து வைத்தேன். நோயாளிகளுக்கு மட்டுமாவது, நான் ஆலயத்தில் ஜெபித்து எடுத்து வைத்த அப்பத்தையும் ரசத்தையும் ஊழியர்கள் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி வேண்டும் என்றேன். செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், ஆனால் ஒரு காகிதத்தை எந்தக் கிணற்றில் போட்டால் திரும்பி வராது என்று தெரிந்தவர். "நாமளா செஞ்சா நாளைக்குப் பிரச்சினை ஆயிடுங்கய்யா. நீங்கதான் தேசியப் பேரவைக்குப் பிரதிநிதியா போறீங்களே, அங்க கேட்டுட்டு வந்துடுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன், ஏனென்றால் தேசிய மேடையில் பேசுவது என்று நினைத்தபோதே எனக்குக் கொஞ்சம் கிறுகிறுத்துவிட்டது.

கிளம்புகிற அன்று உபதேசியம்மா யூனிட்டிலிருந்து நேராக ஜங்ஷனுக்கு வந்தார். புடவை ஓரமெல்லாம் வெள்ளை மண் காய்ந்திருந்தது. ரயில் வரும்வரை பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில்தான் சொன்னார்: "ஐயா, பெரியவரு தெனம் கேக்குறாரு. சுருக்கமா சொல்லிட்டு வாங்கய்யா."

பேரவை நாக்பூரில் நடந்தது. ஜனவரி மாதம். எங்கள் ஊர் மார்கழிக் குளிருக்கே மப்ளர் கட்டுகிற ஆள் நான், அங்கே வாயைத் திறந்தால் புகை வந்தது. ரொட்டியும் பருப்பும் போட்டார்கள். சாம்பார் என்று ஒன்று ஒருநாள் வந்தது, அதில் சர்க்கரை இருந்தது. ஆனால் முதல் நாள் காலை ஆராதனையை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். ஒரே ராகம், எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ராகம். என் இடப்பக்கம் இருந்தவர் சந்தாலியில் பாடுகிறார், முன்னால் இருப்பவர் தெலுங்கில், பின்னால் யாரோ எனக்கு அடையாளம் தெரியாத மொழியில். நான் தமிழில் பாடினேன். ஐந்து சிற்றாலயத்துக்கும் பைக்கில் அலைகிறபோது நான் ஒரு ஓட்டைப் படகைத் தனியாகத் தள்ளிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். அன்று இத்தனை பேர் தள்ளுகிறார்கள் என்று தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கிராம ஊழியம் பற்றிய அமர்வு. ஒவ்வொரு பிரதிநிதிக்கும் மூன்று நிமிடம். மேசையில் ஒரு சின்ன சிவப்பு பல்பு வைத்திருந்தார்கள், நேரம் முடிந்தால் அது எரியும். தாய்மொழியில் பேசலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று அறிவித்தார்கள். நான் இங்கிலீஷில் எழுதி மனப்பாடமே செய்து வைத்திருந்தேன். தேசியப் பேரவையில் இங்கிலீஷில் பேசினார் என்று ஊருக்குச் செய்தி போக வேண்டாமா?

மேடையைப் பார்த்தேன். தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், பேராயர்கள் வரிசையாக. எங்கள் பேராயரும் இருந்தார். ஒரு பேராயரைச் சொல்லி இன்னொருவரை விட முடியுமா? ஒவ்வொருவருக்கும் உரிய அடைமொழியோடு வணக்கம் சொன்னேன். பொதுச் செயலாளர், பொருளாளர், விருந்தோம்பும் சபையார், மலைநாட்டுச் சகோதரிகள், கடலோரச் சகோதரர்கள், சமையல்கட்டில் உழைக்கிறவர்கள். பாடகர் குழுவை மறக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். நன்றாகப் போகிறது என்ற தெம்பில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்போது நான் கொண்டுவந்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்" என்றேன். பல்பு எரிந்தது.

தலைவர் மிகவும் அன்பாக நன்றி சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கைதட்டல்கூட வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலிப் பக்கத்து ஆயர் என் தொடையைத் தட்டி, "ரொம்ப மரியாதையாப் பேசினீங்க" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, மனசாரத்தான் சொன்னார். அந்த நேரத்தில் தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. தாள் நாலாக மடித்தபடி கையிலேயே இருந்தது. ஊருக்குப் போய் உபதேசியம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? பெரியவரிடம் என்ன சொல்வது? உங்களைப் பற்றிப் பேசப் போனேன், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன் என்றா?

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை. மைதானத்தில் வெயிலைப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்மணி வந்து பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வடகிழக்கு மலைப் பகுதியிலிருந்து வந்த பிரதிநிதி, தோளில் கட்டம் போட்ட சால்வை, எழுபது வயது இருக்கும். இடுப்புப் பையிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து எனக்கு நீட்டினார். நாக்பூரில் ஒருவர் எனக்குத் தாம்பூலம் கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

"எங்களுக்கும் வணக்கம் சொன்னீர்கள், சந்தோஷம். வணக்கம் சொல்ல மட்டுமா இத்தனை தூரம் வந்தீர்கள்? கையில் ஒரு தாள் வைத்திருந்தீர்களே" என்று இங்கிலீஷில் கேட்டார்.

தாளைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். தங்கள் மலையில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒருநாள் நடை, ஆயர் வரட்டும் என்று காத்திருந்தால் பாதிப் பேர் காத்திருந்தே போய்விடுவார்கள், அதனால் சபை மூப்பர்களே கொண்டுபோய்க் கொடுப்பார்கள், ஆணானாலும் பெண்ணானாலும் என்றார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார். தாளைத் திருப்பித் தரவில்லை. தன் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அவருடைய முறை வந்தது. மைக் முன்னால் போய் நின்றார். "நேற்று ஒரு சகோதரர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி முடித்தார். விஷயத்தைச் சொல்லவில்லை. என் மூன்று நிமிடத்தை அவருக்குக் கொடுக்கிறேன். வணக்கம் பாக்கி இல்லாததால் அவருக்கு நேரம் போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

எழுந்து போனேன். தாள் அவர் பையில் இருந்தது. மனப்பாடம் செய்த இங்கிலீஷ் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. ஒரு வாக்கியம்கூட வாய்க்கு வரவில்லை. தமிழில் பேசுகிறேன் என்று சைகை காட்டினேன். தமிழுக்கு இருந்த மொழிபெயர்ப்பாளர் டீ குடிக்கப் போயிருந்தார். பல்பைப் பார்த்து நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது மேடையிலிருந்து எங்கள் பேராயர் எழுந்து இறங்கி வந்தார். என் பக்கத்தில் நின்று, "சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு அம்மா சாகும்போது திருவிருந்து கேட்டார். பேராயர் அதை இங்கிலீஷில் சொன்னார். ஆயரான நான் வர நேரமாகிவிட்டது. அதையும் சொன்னார். பக்கத்தில் எங்கள் ஊழியக்கார அம்மா இருந்தார். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன் என்று சொல்லி, உபதேசியம்மாவின் வார்த்தைகளைச் சொன்னேன். அவங்க மூணு தடவ கேட்டாங்க. பொட்டி என் மடியிலதான் இருந்துச்சு. நான் குடுக்கல.

பேராயர் முதல் இரண்டையும் சொல்லிவிட்டார். மூன்றாவதுக்கு வந்தபோது நின்றார். நான் கொடுக்கவில்லை என்பதை அவர் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. மண்டபத்தில் யாரோ இருமினார்கள். பிறகு சொன்னார், மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல். அந்த அம்மாவின் கணவர் இப்போது படுக்கையில் இருக்கிறார், தனக்குக் கிடைக்குமா என்று தினமும் கேட்கிறார் என்று முடித்தேன். நேரம் மீதி இருந்தது. என் வாழ்க்கையில் மைக் முன்னால் எனக்கு நேரம் மீதியானது அதுதான் முதல் தடவை.

பேரவை உடனே ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. அப்படியெல்லாம் பெரிய சபைகளில் நடக்காது. சிலர் ஆதரித்தார்கள், சிலர் ஒழுங்கு கெட்டுவிடும் என்று பயந்தார்கள், கடைசியில் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பினார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. புறப்படுகிற அன்று காலை ஊருக்குக் கொண்டுபோக ஆரஞ்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பேராயர் வந்து தானும் பொறுக்க ஆரம்பித்தார்.

"குழு அறிக்கை வர எத்தன வருஷம் ஆகுமோ தெரியாது. நோயாளிங்களுக்குக் கொண்டுபோக அனுமதிக் கடிதம் குடுக்க பேராயருக்கு அதிகாரம் இருக்கு. பழைய விதியிலயே இருக்கு. எனக்கு அது தெரியும்" என்றார். கையிலிருந்த பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாராவது சத்தம் போடுவாங்கன்னு நானும் குடுக்கல ஐயா. நேத்து அத என் வாயாலயே சொல்ல வச்சுட்டீங்க."

பேராயர் என்னிடம் அப்படிப் பேசுவார் என்று நான் நினைத்ததில்லை. மனசு லேசாகிவிட்டது. ரயிலில் திருநெல்வேலி ஆயருக்கு நான்கு ஆரஞ்சு கொடுத்தேன்.

கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது. ஒரு வருஷத்துக்கு அனுமதி. நோயாளிகளுக்கு மட்டும். முதல் தடவை ஆயர் கூட இருக்க வேண்டும். செயலாளர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தார். "சரி, மேலேருந்தே வந்துடுச்சு" என்று கோப்பில் வைத்தார். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்பமும் ரசமும் கொண்டுபோக மூடி போட்ட இரண்டு சின்ன ஜாடிகள் வேண்டும் என்று உபதேசியம்மா தன் யூனிட் முதலாளியிடம் கேட்டிருக்கிறார். அவர் தினமும் டவுன் சிவன் கோயிலில் பழமலைநாதரைக் கும்பிட்டுவிட்டு யூனிட்டைத் திறக்கிறவர். "சாமி காரியமா? அப்ப நீ எடுக்காத, நானே பாத்து எடுக்குறேன்" என்று சூளையிலிருந்து வந்த தட்டு முழுவதையும் தட்டித் தட்டிப் பார்த்து, கீறல் இல்லாத இரண்டைத் துடைத்துக் கொடுத்தாராம். உபதேசியம்மா இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெரியவர் வீட்டுக்குப் போனோம். வெளிச்சுவரில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் அளந்தவர்கள் எழுதிவிட்டுப் போன சிவப்பு எண் இருந்தது. உள்ளே பெரியவர் சுவரில் சாய்ந்து தயாராக இருந்தார், யாரோ முகத்தைத் துடைத்துச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். எனக்குள் ஒரு பயம் இருந்தது. அந்தக் காலத்து மனிதர், பெண் கையால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதனால் நான் ஆரம்பித்தேன். பேரவை கூடிய விதம், பேராயரின் கடிதம், பழைய விதி என்ன சொல்கிறது, இது எப்படிச் சபை ஒழுங்குக்கு உட்பட்டது என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போனேன். உபதேசியம்மா ஜாடியைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். எத்தனை கழுவியும் நக ஓரத்தில் வெள்ளை மண் போகாமல் இருந்தது.

பெரியவர் இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"எதுக்குங்கய்யா இவ்ளோ சொல்றீங்க? பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி தெனம் வந்து எனக்குக் கஞ்சி ஊட்டிட்டுப் போற கைதானே இது" என்றார். வாயைத் திறந்தார்.

தினமும் கஞ்சி ஊட்டுகிறார் என்பது எனக்குத் தெரியாது. உபதேசியம்மா அதை ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பத்தை ரசத்தில் தொட்டு, சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தெளிவாகச் சொல்லி, அவர் வாயில் வைத்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். உபதேசியம்மா தரையில் உட்கார்ந்து ஜாடியின் மூடியைத் தேடினார்.

"ஐயாவுக்கும் குடும்மா" என்றார் பெரியவர் கண்ணைத் திறந்து. "ஊருக்கெல்லாம் அவரு குடுக்குறாரு. அவருக்கு யாரு குடுக்குறாங்க?"

யாரும் கொடுப்பதில்லை. பலிபீடத்தில் எல்லோருக்கும் கொடுத்து முடித்தபின் நானே என் கையால் எடுத்து அவசரமாக வாயில் போட்டுக்கொள்வேன். அடுத்து என்ன அறிவிப்பு என்று யோசித்துக்கொண்டே விழுங்குவேன். இத்தனை வருஷத்தில் இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் நினைத்துப் பார்த்ததில்லை.

உபதேசியம்மா என்னைப் பார்த்தார். "குடுக்கலாமாங்கய்யா? லெட்டர்ல நோயாளிங்களுக்கு மட்டும்னுதானே போட்டுருக்குது?"

"போட்டிருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, அந்தத் தரையில் முழங்கால் போட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.